பகாவில் ஏது குளிர்? டீசல் லோரி விடியற்காலையில் அடம்பிடிப்பது ஏன்
(விளக்கக் கட்டுரைக்கான வாசிப்புப் பகுதி: படிவம் 4, 5)

படிவம் 4 மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பகுதி பிறந்தது. ‘நான் அறிந்த ஒரு தொழில்’ என்று தலைப்பு கொடுத்திருந்தேன். வகுப்பில் பாதிப்பேர் இணையத்தில் கிடைத்ததை வைத்து மருத்துவர், விமானி என்று எழுதிவிட்டார்கள். இவர் மட்டும் பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் லோரி ஓட்டிய தம் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. நடுவில் ஒரு வாக்கியம்: “விடியற்காலையில் குளிராக இருப்பதால் லோரி ஸ்டார்ட் ஆகாது.”

நான் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘பகாவில் ஏது குளிர்? காரணம் பொருந்தவில்லை’ என்று ஓரத்தில் எழுதி, கருத்துக்கான புள்ளியிலும் கைவைத்துவிட்டேன். மாணவர் மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “டீச்சர், தாத்தா அப்படித்தான் சொல்வாங்க. வண்டி விஷயத்துல தப்பா சொல்ல மாட்டாங்க.”

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். நான் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. ஜெம்போல், கோலப்பிலா வட்டாரத்தில் டிசம்பர், ஜனவரி மழைக்காலத்து விடியலில்கூட வெப்பநிலை 21, 22 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஜப்பானில் பனி கொட்டும் ஹொக்காய்டோவிலும் இதே இசுசு, ஹீனோ லோரிகள்தாம் ஓடுகின்றன. பூச்சியத்துக்குக் கீழே அங்கே புறப்படுகிற வண்டி, 22 பாகையில் இங்கே ஏன் மக்கர் செய்ய வேண்டும்? ஆனால் தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும், காலையில் லோரி அடம்பிடித்த கதை ஒன்றாவது சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. அந்த வார இறுதியில் மாணவரோடு சென்று பெரியவரைப் பார்த்தேன். இப்போது தோட்டத்தில் இல்லை. பகாவில் ஒரு தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார்.

“நீங்க கேட்டதும் சரிதான் டீச்சர், பையன் எழுதுனதும் சரிதான்,” என்றார். “குளிர் வெளியே இல்ல. இரும்புக்குள்ள இருக்கு.”

இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன். அவர் சொன்னதோடு படிவம் 4 இயற்பியலில் வரும் வளிம விதிகளையும், பழுதுபார்ப்புக் கையேடுகளில் உள்ள அளவுகளையும் சேர்த்துக்கொண்டேன்.

லோரி நின்றால் என்ன நிற்கும்

முதலில், இது ஏன் பெரிய விஷயம் என்று தெரிய வேண்டும். தோட்டத்தில் நாள் தொடங்குவது பெரட்டில். ஆள்கணக்கு எடுத்து, யாருக்கு எந்தக் காடு என்று பிரித்ததும், தூரத்து வெட்டுக்காட்டுக்குப் போகிறவர்கள் லோரியில்தான் ஏறுவார்கள். ரப்பர் மரத்தைக் காலைக் குளிர்ச்சியில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அரை மணி நேரம் தாமதித்தால் அது அன்றைய பாலில் தெரியும், பாலில் தெரிந்தால் சம்பளத்தில் தெரியும். செம்பனைக்கு மாறிய பிறகும் அவசரம் குறையவில்லை. பழக்குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பார்கள். பழம் அடிபட்டுக் காத்துக் கிடந்தால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும். கச்சா செம்பனை எண்ணெய் வணிகத்தில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பொது வழக்கு.

இன்னொன்றும் உண்டு. பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஒரு காலத்தில் தோட்டத்து லோரியிலோ வேனிலோதான் போனார்கள். லோரி புறப்படாத நாளில் அவர்களுக்கு முதல் பாடவேளை போச்சு; சோதனை நாளாக இருந்தால் அதுவும் போச்சு. “வண்டி கிளம்பலன்னா கிராணியாரும் திட்டுவாரு, பிள்ளைங்களோட அம்மாமாரும் திட்டுவாங்க,” என்று பெரியவர் சிரித்தார். அப்போது சிரித்திருக்க மாட்டார்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்க ஒரு பிளக் இருக்கும். டீசல் எஞ்சினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றைச் சட்டென்று அழுக்கினால் அது சூடாகும் என்பதுதான் டீசல் எஞ்சினின் முழு இரகசியமும். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1892இல் இதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். 1897இல் ஆவுக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது.

சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் மேலே தள்ளி, ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் அடைக்கிறது. (எஞ்சினுக்கு எஞ்சின் இது 16 முதல் 22 வரை மாறும்.) காற்று கொதிநிலையைப் பல மடங்கு தாண்டிச் சூடாகிறது. அந்த நேரம் பார்த்து, நோசில் வழியாக டீசல் பனித்துளிபோல் பீய்ச்சப்படுகிறது. சூட்டில் தானாகத் தீப்பிடிக்கிறது. அவ்வளவுதான். எனவே டீசல் எஞ்சின் புறப்பட வேண்டுமானால் அந்தக் கடைசி நொடியில் காற்று போதுமான சூட்டில் இருக்க வேண்டும். காலையில் எஞ்சின் மறுக்கிறது என்றால், சூடு எங்கோ போய்விட்டது, அல்லது டீசல் வந்து சேரவில்லை.

இனி கணக்கு. அறிவியல் பிரிவு மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் விடையை மட்டும் படித்தால் போதும். காலைக் காற்று 25 பாகை, அதாவது 298 கெல்வின் என்று வையுங்கள். ஒரு துளி சூடும் வெளியேறாமல், ஒரு துளி காற்றும் கசியாமல் 17 மடங்கு அழுக்கினால், 17இன் அடுக்கு 0.4 என்பதால் 298ஐப் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 925 கெல்வின் வரும். செல்சியஸில் 650 பாகை. இதே எஞ்சினைப் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிரில் வைத்தால்? 540 பாகைக்குச் சற்று மேலே வருகிறது. வானிலையால் இழந்தது 110 பாகைதான்.

அடுத்து, அதே 25 பாகைக் காலையில் பழைய எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரிங் தேய்ந்திருக்கிறது, பேட்டரி தளர்ந்திருக்கிறது. பிஸ்டன் மெதுவாக மேலேறுகிறது. அழுக்கப்படும் காற்றின் சூட்டை ஆறிப்போன சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றிலேயே ஒரு பங்கு ரிங்கின் ஓரமாக நழுவிவிடுகிறது. இந்த இழப்பைக் காட்ட, அடுக்கு 0.4 என்பதை 0.2 ஆகக் குறைத்துக் கணக்கிடுங்கள். விடை 525 கெல்வின். ஏறக்குறைய 250 பாகைதான். 400 பாகை காணாமல் போய்விட்டது! சோதனைக்கூடத்தில் டீசல் 210 பாகைக்கு மேல் தானாகத் தீப்பிடிக்கத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே அதற்கு நேரம் இருக்கிறது. எஞ்சினுக்குள் கிடைப்பது நூறில் ஒன்றிரண்டு விநாடி. அந்த அவசரத்தில் பற்றிக்கொள்ள 250 போதாது.

எண்கள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறலாம், பாடம் மாறாது. கடுங்குளிர் பறிக்கிற சூட்டைவிடத் தேய்மானமும் மெதுவான சுழற்சியும் பறிக்கிற சூடு பல மடங்கு அதிகம். நல்ல எஞ்சின் நெகிரி செம்பிலான் காலையில் அடம்பிடிக்கவே கூடாது. பிடித்தால் உள்ளே ஒரு குறை ஒளிந்திருக்கிறது. பகலில் எஞ்சின் இரும்பு 80, 90 பாகைச் சூட்டில் இருப்பதால் அந்தக் குறை தெரிவதில்லை. அதனால்தான் காலை ஆறு மணிக்கு முரண்டு பிடித்த லோரியைப் பத்து மணிக்கு நிறுத்தி எடுத்தால் ஒரே சாவியில் புறப்படுகிறது. “இரும்புக்குள்ள குளிர்” என்று பெரியவர் சொன்னது இதைத்தான். நான் வட்டமிட்டது அவசரம்.

புகையைப் பார்

சாவியைத் திருப்பியும் எஞ்சின் பிடிக்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்? “பானெட்டைத் தூக்காதே, பின்னால போய்ப் புகைக் குழாயைப் பாரு,” என்றார் பெரியவர். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து கண் எரிந்தால், டீசல் சிலிண்டருக்குப் போகிறது, ஆனால் எரியவில்லை. எரியாத டீசல்தான் ஆவியாக வெளியே வருகிறது. ஆகவே பஞ்சம் சூட்டுக்கு. பேட்டரி, ஹீட்டர், டேப்பெட், ரிங், நோசில், டைமிங் என்று அந்தத் திசையில் தேட வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. குழாய், ஃபில்டர், பம்ப் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு பார்வை பாதி வேலையை மிச்சப்படுத்திவிடும். (எஞ்சின் பிடித்த பிறகு வருகிற நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு.)

பலர் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். வெள்ளைப் புகை வருகிற வண்டிக்கு ஃபில்டர் மாற்றுவார்கள். புகையே வராத வண்டிக்குப் புது பேட்டரி வாங்குவார்கள். காசு போகும், வண்டி நிற்கும்.

சுழலும் வேகம்

சூட்டுப் பஞ்சம் என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. காரணம், அது மலிவு, எளிது, பெரும்பாலும் அதுவேதான் குற்றவாளி. லோரி எஞ்சின் பிடிக்க ஸ்டார்ட்டர் அதை நிமிடத்திற்கு 150 முதல் 200 சுற்று வேகத்திலாவது சுழற்ற வேண்டும். 100க்குக் கீழே போனால் சூடு சேர்வதற்குள் ஆறிவிடும்.

வேகம் ஏன் இத்தனை முக்கியம் என்பதைக் கையால் சுற்றி எடுக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். லிஸ்டர் போன்ற அந்த எஞ்சின்களின் தலையில் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அதைத் தூக்கினால் வால்வு திறந்தபடியே நிற்கும், காற்று அழுங்காது, கைப்பிடியைச் சுலபமாகச் சுற்றலாம். நன்றாக வேகம் பிடித்ததும் நெம்புகோலைக் கீழே விட வேண்டும். கனமான சக்கரம் ஓடுகிற வேகத்தில் பிஸ்டன் காற்றைச் சட்டென்று அழுக்க, எஞ்சின் ‘டப் டப்’ என்று பிடித்துக்கொள்ளும். மெதுவாகச் சுற்றி நெம்புகோலை விட்டால் எத்தனை முறை முயன்றாலும் பிடிக்காது. லோரியில் நம் கையின் வேலையை ஸ்டார்ட்டரும் பேட்டரியும் செய்கின்றன.

12 வோல்ட் பேட்டரி முழுதாய் ஏறியிருந்தால், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பும்போது இறங்கத்தான் செய்யும், ஆனால் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பெரிய லோரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதில் ஒன்று மட்டும் பழுதாவது உண்டு. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால், பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைப் பாருங்கள். சுடுதண்ணீர் ஊற்றித் துலக்கி, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் பல வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் போகும் பூமிக் கம்பியை ஒருவரும் நினைப்பதில்லை. அங்கே துருப்பிடித்தால் பேட்டரி புதியதாக இருந்தும் பயனில்லை.

இன்னும் இரண்டு குறிப்புகள் பெரியவரிடம் கேட்டவை. கிளட்ச்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். கியர்பெட்டிக்குள் கெட்டியாக இருக்கும் எண்ணெயைக் கிளறும் சுமை ஸ்டார்ட்டருக்குக் குறையும். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றக்கூடாது. ஒரு நிமிடம் விட்டுத்தான் மறுபடி. விடாமல் சுற்றினால் ஸ்டார்ட்டர் கருகிப் போகும். எஞ்சின் எண்ணெயையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். புகை அதிகமாகிவிட்டது என்று கையேடு சொல்வதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றுகிறவர்கள் உண்டு. புகை கொஞ்சம் அடங்கும். ஆனால் காலையில் அந்தக் கெட்டியான எண்ணெய்க்குள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியதும் அதே பேட்டரிதான்.

டீசல் வரும் வழி

புகையே இல்லாத வண்டிக்கு வருவோம். இரவில் லோரி நிற்கும்போது குழாயில் இருக்கிற டீசல் தாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடக் கூடாது. எங்காவது ஓர் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் கீழே இறங்கும். வெளியே ஒழுகல் தெரியாது. அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். ‘ஏர் பிடித்துவிட்டது’ என்று சொல்வது இதைத்தான். ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை அடித்து, காற்றுப்போக்கும் திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை வெளியேற்றி, திருகை இறுக்கினால் வண்டி புறப்படும். ஆனால் மறுநாளும் அதே கதை என்றால், ஓட்டை அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். தினமும் காற்று எடுப்பதைவிட ஒருநாள் உட்கார்ந்து வாஷரையும் ரப்பர்க் குழாயையும் மாற்றிவிடலாம்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. 2011இல் புத்ராஜெயா, மலாக்கா, நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மத்திய வட்டாரத்தில் 5 விழுக்காட்டுக் கலவையோடு தொடங்கி, பிறகு பி7 ஆகி, 2019இல் போக்குவரத்துத் துறைக்கு பி10 ஆனது. (1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய் புதுக்கதை இல்லை.) இந்தக் கலவையால்தான் காலையில் வண்டி பிடிப்பதில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. செம்பனைப் பயோடீசல் உண்மையில் சாதாரண டீசலைவிடச் சீக்கிரம் தீப்பிடிக்கும் தன்மையுடையது. அது உறைந்து கெட்டியாவது ஏறக்குறைய 15 பாகையில். சமையலறை அலமாரியில் செம்பனை எண்ணெய் அடியில் வெள்ளையாக உறைவதைப் பார்த்திருக்கிறோமே, அந்தக் குணம் இதற்கும் உண்டு. கேமரன் மலை போன்ற இடங்களில் இது சிக்கல்தான். குளிர்நாட்டுக்கு அனுப்ப, எளிதில் உறையாத வகையை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் தனியாக உருவாக்கியிருக்கிறது. பகாவிலும் கிம்மாசிலும் 15 பாகைக்கு எங்கே போவது?

ஆனால் பயோடீசல் இரண்டு வேலை செய்யும். பழைய தாங்கியின் அடியில் பல ஆண்டுகளாய்ப் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். அது ஃபில்டரில் போய் அடையும். அடுத்தது, காற்றிலுள்ள ஈரத்தைச் சாதாரண டீசலைவிட அதிகம் இழுத்து வைத்துக்கொள்ளும். பாதி காலியான தாங்கியோடு லோரியை நிறுத்தினால் இரவில் உள்சுவரில் நீர் வேர்க்கும். நீர் அடியில் தேங்க, அதில் பாசிபோல் அழுக்கு வளரும். மாலையில் தாங்கியை நிரப்பி நிறுத்துவதும், ஃபில்டருக்கு அடியில் உள்ள நீர்க்கிண்ணத்தை வாரம் ஒருமுறை திறந்து வடிப்பதும் மழைக்காலத்தில் கட்டாயம். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

ஹீட்டர், டேப்பெட், நோசில்

ஓட்டுநர்கள் ‘ஹீட்டர்’ என்று சொல்வது குளோ பிளக். பென்சில் போன்ற சிறு கம்பி. மின்சாரம் பாய்ந்தால் செக்கச் சிவந்து 850 பாகையையும் தாண்டும். சிலிண்டருக்குள் அது கொஞ்சம் இடத்தையாவது சூடாக வைத்திருந்தால் டீசல் அங்கே முதலில் பற்றிக்கொள்ளும். பழைய வகைக்கு இருபது விநாடி காத்திருக்க வேண்டும். சுருள் படம் போட்ட விளக்கு அணைந்த பிறகுதான் சாவியை முழுதும் திருப்ப வேண்டும். நாலு சிலிண்டரில் ஒன்றின் ஹீட்டர் போனால் ஓட்டுநருக்குத் தெரியாது. மூன்று பிடிக்க, ஒன்று வெள்ளைப்புகை விட, எஞ்சின் கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டுச் சரியாகும். இரண்டு போனால்தான் தெரியும். 12 வோல்ட் வகையில் மீட்டரை வைத்தால் நல்ல பிளக் ஓர் ஓம் அளவுக்குத்தான் மின்தடை காட்டும்; அறுந்ததில் மின்சாரமே ஓடாது. பெரிய லோரிகள் சிலவற்றில் குளோ பிளக்கே இருக்காது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கம்பிவலை இருக்கும். உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொண்டு சோதிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஓட்டுநர் செய்யக்கூடியவை. இதற்கு மேல் பட்டறை வேலை. அங்கேதான் ‘டியூனிங்’ என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் வருகிறது.

முதலில் டேப்பெட். வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். பல ஜப்பானிய லோரி எஞ்சின்களில் எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.40 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுதாக மூடாது. அழுக்கம் அதன் வழியே போய்விடும். ஒரு மெல்லிய தகட்டளவியும் ஒரு ஸ்பானரும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும். காசு அதிகம் ஆகாத வேலை. அடுத்தது நோசில். பழைய வகையில் 120 முதல் 220 பார் வரையிலான அழுத்தத்தில் அது திறக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்தாலோ முனை தேய்ந்தாலோ டீசல் பனித்துளியாகப் பீய்ச்சாமல் சொட்டும். சொட்டு பெரிதாக இருந்தால் ஆவியாக நேரம் போதாது. பம்பின் டைமிங் பின்தங்கியிருந்தால் காற்று உச்சச் சூட்டைத் தாண்டிய பிறகு டீசல் வந்து சேரும். வெள்ளைப் புகைதான் மிஞ்சும். சரிசெய்கிறேன் என்று அளவுக்கு மீறி முன்னே தள்ளினால், எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் இடிக்கும்.

கடைசியாக அழுக்கச் சோதனை. ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டரை மாட்டிச் சுழற்றினால் நல்ல எஞ்சின் 30 பார் அளவில் காட்டும். 20ஐ நெருங்கிவிட்டால், அல்லது ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். இதற்கு மாற்று வழி கிடையாது. ஆனால் மாற்று வழி தேடுவதுதான் வழக்கம். பம்பின் திருகைத் திருப்பி டீசலை அதிகமாக்கிவிடுவார்கள். “டீசல் கூட்டியாச்சு, இனிமே பிடிக்கும்” என்பார்கள். சில நாள் பிடிக்கும். பசிக்குச் சோறு கேட்டவனுக்குத் தண்ணீர் ஊற்றியது போலத்தான். பஞ்சம் சூட்டுக்கு, கொடுத்தது டீசல். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், ரிங் இன்னும் தேயும், அடுத்த மழைக்காலத்தில் வண்டி இன்னும் மோசமாகும்.

செய்யக்கூடாத ஒன்று

கடையில் டப்பாவில் விற்கும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயில் இருப்பது ஈதர். அது 160, 180 பாகையிலேயே தீப்பிடிக்கும். காற்று ஃபில்டரில் அடித்தால் எஞ்சின் உடனே பிடிக்கும், மாயம்போல் இருக்கும். ஆனால் பிஸ்டன் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே அது வெடிப்பதால் ரிங் உடையலாம், பிஸ்டன் விரிசல் விடலாம். ஹீட்டர் சிவந்திருக்கும் வண்டியில் அடித்தால் தீ உள்ளே வரும் வழியிலேயே பற்றி முகத்தில் அடிக்கும். பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று வாயில் வைப்பதும் இதே ஆபத்து. பிள்ளைகள் இதை வீட்டில் பார்த்திருப்பார்கள். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது இதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

தள்ளி எடுப்பது இதைவிடத் தேவலாம். மேட்டில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டிக் கிளட்ச்சை விட்டு எடுப்பது தோட்டத்து ஓட்டுநர்களின் பழைய வித்தை. “எங்க நிறுத்துறதுன்னு மொதல்லயே பார்த்து வச்சிருப்போம்,” என்றார் பெரியவர். உருட்டும்போது எஞ்சின் ஸ்டார்ட்டரைவிட வேகமாகச் சுழலும், அதனால் சூடு சேரும். ஆனால் எஞ்சின் ஓடாதவரை பிரேக்குக்கு உதவி இல்லை என்பதை மறக்கக்கூடாது. காற்று பிரேக் உள்ள பெரிய லோரிகளில் காற்று ஏறாமல் நிறுத்தப் பிரேக்கே விடாது. உருட்டும் பேச்சுக்கு இடமில்லை.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

இந்தப் பகுதியைக் காரணகாரிய வாக்கியப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். மாணவர் எழுதிய வாக்கியத்தில் ‘குளிராக இருப்பதால்’ என்ற காரணத்திலிருந்து ‘ஸ்டார்ட் ஆகாது’ என்ற விளைவுக்கு ஒரே தாவல். நடுவில் உள்ள படிகள் இல்லை. விளக்கக் கட்டுரையில் புள்ளி கிடைப்பது அந்தப் படிகளுக்குத்தான். ‘ஸ்டார்ட் செய்’ என்பதற்கு ‘முடுக்கு’ என்று எழுதலாம்; எஞ்சின், பேட்டரி, நோசில் போன்றவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பட்டறையில் யாருக்கும் புரியாத சொல்லைத் தேடிப் பிடித்து எழுதினால், கட்டுரை அழகாக இருக்கலாம், விளக்கமாக இருக்காது.

மாணவர் திருத்தி எழுதியது இது: “இரவு முழுவதும் நின்ற லோரியின் எஞ்சின் ஆறிப்போயிருக்கும். ரிங்கும் பேட்டரியும் பழையனவாக இருந்தால் பிஸ்டன் காற்றைப் போதிய வேகத்தில் அழுக்காது. அழுக்கத்தில் பிறந்த சூட்டை ஆறிய இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். டீசல் பீய்ச்சப்பட்டாலும் தீப்பிடிக்காமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். இதைத்தான் என் தாத்தா ‘குளிர்’ என்பார்.”

நான் கழித்த புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓரத்தில் எழுதியதையும் அடித்துவிட்டேன். பெரியவரிடம் நோட்டைக் காட்டியபோது, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “டேப்பெட்ட விட்டுட்டானே,” என்றார்.